பழைய படத்தை அச்சாக மாற்றும்போது நடந்த தவறு: அனுபவப் பகிர்வு

கரித்துண்டு

பதினாறு வருடத்துக்கு முன் பென்சிலில் வரைந்த அப்பாவின் வலது கை. நாற்காலிக் கைப்பிடியில் வைத்திருந்தார், ஒரே மூச்சில் வரைந்தது. போன மாதம் அதை அச்சுக்காக லினோவில் (செதுக்கி அச்சடிக்கும் லினோலியம் பலகை) வெட்டினேன். மூன்று வாரம் ஆனது. மை உருட்டி, தாள் வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்துத் தூக்கினால் இடது கை வந்திருக்கிறது.

அச்சில் இடம் வலமாக மாறும் என்பதால் படத்தைத் திருப்பிப் போட வேண்டும்; அதை மறந்தது எல்லோருக்கும் ஒருமுறை நடப்பதுதான். எனக்கு மனதில் நிற்பது அது இல்லை. இடம் வலமாக மாறிப் பார்த்த அந்த நொடியில்தான் கட்டைவிரல் கண்ணில் பட்டது. மணிக்கட்டை ஒட்டிக் கிளம்ப வேண்டியது, ஆள்காட்டி விரலின் அடியிலிருந்து முளைத்ததுபோல இருந்தது. ஓடிப்போய் பழைய படத்தைப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான். அந்த இடத்தில் நிழலைத் தேய்த்து மூடியிருக்கிறேன். பதினாறு வருடம் சுவரில் தொங்கியது, ஒருவர் கண்ணிலும் படவில்லை. லினோவில் தேய்த்து மூட வழியில்லை. ஒன்று கருப்பு, இல்லை வெள்ளை.

அப்பா இப்போது இல்லை. போய் ஒருமுறை பார்த்துவிட்டு வர அந்தக் கை இல்லை. புதிய லினோ வாங்கி, கட்டைவிரலுக்கு முன்னால் வந்து நிற்கிறேன். திருத்துவதா, இருந்தபடியே வெட்டுவதா? இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் சொல்லுங்கள்.

ஈரத்தாள்

விட்டுவிடுங்கள், திருத்த வேண்டாம். நான் திருத்தப் போய்ப் பட்டது இது.

மாணவப் பருவத்தில் போட்ட ஒரு செப்புத் தட்டு, எட்சிங் (அமிலத்தால் அரித்த கோட்டுப் பள்ளங்களில் மை நிரப்பி அச்சடிப்பது). வெறும் மரமும் வானமும், வானத்தில் ஏழு பறவைகள். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது பறவைகள் உறுத்தின. ஸ்கிரேப்பரால் சுரண்டி, பர்னிஷரால் தேய்த்து வழவழப்பாக்கினேன். விரலால் தடவினால் ஒன்றும் தெரியவில்லை. பிரஸ்ஸிலிருந்து தாளை உரித்தபோது, பறவைகள் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏழு கறை. சுரண்டிய இடம் பள்ளமாகி மையைப் பிடித்து வைத்துக்கொண்டது. பின்பக்கம் சுத்தியலால் தட்டிப் பள்ளத்தைத் தூக்கியிருக்க வேண்டும், அப்போது எனக்குத் தெரியாது. அந்தக் கறைகளை இன்னும் மறக்க முடியவில்லை. பறவைகளாகவே இருந்திருக்கலாம்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்டுக்கே முழுசாக அழியவில்லை. ஹெர்குலிஸ் செகர்ஸ் என்ற இன்னொரு ஓவியர் செய்த, தோபியாஸும் தேவதூதரும் உள்ள பைபிள் கதைத் தட்டு ரெம்பிராண்ட் கைக்கு வந்தது. உருவங்களைச் சுரண்டிவிட்டு, எகிப்துக்குத் தப்பிப் போகும் திருக்குடும்பத்தைப் போட்டார். உற்றுப் பார்த்தால் தேவதூதரின் இறக்கை இன்னும் மரங்களுக்குள் தெரிகிறது. பழையது போகாது.

நான்காம் நிலை

ஈரத்தாள், அந்த உதாரணம் உங்கள் பக்கம் பேசவில்லையே. இறக்கை மிஞ்சியது உண்மை, ஆனால் ரெம்பிராண்ட் பயந்துபோய் நிறுத்தவில்லை. 'மூன்று சிலுவைகள்' தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1653இல் கையெழுத்துப் போட்டு முடித்த தட்டு அது. சில வருடம் கழித்து அதையே எடுத்து, உருவங்களைச் சுரண்டி, புது ஆட்களைப் போட்டு, பாதிப் படத்தை இருட்டில் மூழ்கடித்தார். முதல் நிலையையும் நான்காம் நிலையையும் (தட்டை மாற்றிய ஒவ்வொரு கட்டத்தின் அச்சும் ஒரு நிலை) பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே தட்டு என்று நம்புவது கஷ்டம். அவருக்குத் தட்டு என்பது இன்னும் முடியாத வேலை.

உங்கள் கறைக்குக் காரணம் திருத்தியது இல்லை, பாதியில் விட்டது. தட்டிச் சமன் செய்து மறுபடி தேய்த்திருந்தால் வானம் வெளுத்திருக்கும். கரித்துண்டு, கட்டைவிரலைத் திருத்துங்கள். தவறு என்று தெரிந்த பிறகு அதையே மறுபடி வெட்டினால், அது தெரிந்தே செய்வது.

ஈரத்தாள்

தட்டு என்னிடம் இன்னும் இருக்கிறது, நீங்கள் சொன்னபடி செய்து பார்ப்பேன். ஆனால் கரித்துண்டுடையது அப்பாவின் கை. சிலுவைக் காட்சியையும் அதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

உருளைச்சத்தம்

என் கதை சின்னது. பழைய நீர்வண்ணப் படம் ஒன்றை, ஒரே லினோவை வெட்டி வெட்டி நிறம் சேர்க்கும் முறையில் செய்தேன். முதல் நிறத்தை ஆறு தாளில் மட்டும் போட்டேன். மூன்றாம் நிறத்தில் நான்கு தாள் இடம் நகர்ந்து பாழ். அதற்குள் லினோவில் முதல் நிறத்துக்கான பரப்பே இல்லை, வெட்டியாகிவிட்டது. மிச்சம் இரண்டு தாள்.

அதனால் கரித்துண்டு, இதையெல்லாம் கவனியுங்கள். கார்பன் தாள் வைத்து நேராக டிரேஸ் செய்தால் அச்சு திரும்பித்தான் வரும். டிரேசிங் தாளில் மென்மையான பென்சிலால் வரைந்து, வரைந்த பக்கத்தை லினோவின் மேல் கவிழ்த்துத் தேய்த்தால் பலகையில் திரும்பி விழும், அச்சு சரியாக வரும். வெட்டும் முன் லினோவுக்கு மெல்லிய நிறம் பூசிவிடுங்கள், வெட்டிய இடம் பளிச்சென்று தெரியும். லினோ பழசாகி இறுகியிருந்தால் லேசாகச் சூடு காட்டுங்கள், கத்தி வழுக்காது. கோட்டின் இரண்டு பக்கமும் சரிவாக வெட்டுங்கள். உள்வாங்கி வெட்டினால் கோட்டுக்கு அடியில் பிடிமானம் இல்லாமல் உடைந்துவிடும். மை போடும் முன் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள், பாதித் தவறு அங்கேயே தெரிந்துவிடும். உருளையின் சத்தத்தைக் கேளுங்கள். மெல்லிசாகச் சொரசொரவென்று கேட்க வேண்டும். சளசளவென்று ஒட்டினால் மை அதிகம், நுணுக்கமான வெட்டெல்லாம் அடைத்துக்கொள்ளும். அப்புறம், கட்டைவிரல் மட்டும் தப்பாகப் போனால் முழு லினோவையும் தூக்கிப் போட வேண்டாம். அந்தத் துண்டை வெட்டி எடுத்து, அதே அளவில் புதுத் துண்டை ஒட்டி மறுபடி வெட்டலாம்.

கரித்துண்டு

எல்லோருக்கும் நன்றி. உருளைச்சத்தம், கவிழ்த்துத் தேய்ப்பதை இன்று செய்தேன், சுத்தமாக விழுந்தது.

நேற்று அக்கா வந்திருந்தாள். அப்பாவின் கை அப்படியே அவளுக்கு. நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டைவிரலை மட்டும் வரைந்தேன். பழைய படத்தைப் பார்த்தவள், "அப்பா கட்டைவிரலை எங்கேடா சும்மா வெச்சிருந்தார், தட்டிக்கிட்டேதானே இருப்பார்" என்றாள். எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. பேப்பர் படிக்கும்போதும், யாராவது பேசும்போதும் கைப்பிடியில் டொக் டொக்கென்று தட்டுவார். நான்கு விரலை ஒரு நேரத்திலும் கட்டைவிரலை அது மேலே எழும்பிய நேரத்திலும் வரைந்திருக்கிறேன் போல.

இப்போது லினோவில் இரண்டு கட்டைவிரலும் பென்சில் கோடாக இருக்கிறது. அக்காவிடம் பார்த்து வரைந்ததைக் கருப்பில் வெட்டப் போகிறேன். பழையதைத் தனி லினோவில் வெட்டி, ரொம்ப வெளிறிய சாம்பலில் முதலில் அடித்துவிட்டு, அதன்மேல் கருப்பை வைக்கலாமா என்று யோசனை. சாம்பல் எத்தனை நாள் காய்ந்தால் மேலே கருப்பு வழுக்காமல் உட்காரும்? எண்ணெய் மைதான் வைத்திருக்கிறேன்.