ஹைபாதிகேஷனுக்குத் தமிழில் என்ன?

கோத்தகிரியிலிருந்து:
வணக்கம். பழைய பிக்கப் வாங்கும் சிறு தேயிலை விவசாயிகளுக்காக ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களைப் பற்றி எழுதியாயிற்று. மாட்டிக்கொண்டது ஒரே சொல்லில்: ஹைபாதிகேஷன். அதாவது, வண்டியைக் காட்டிக் கடன் வாங்கும்போது, பதிவுச் சான்றில் (ஆர்.சி.) கடன் கொடுத்தவர் பெயரும் ஏறுவது. டிஎன் 43 ஆர்.சி. ஒன்று என் மேசையில் கிடக்கிறது. கடைசி டியூ கட்டி மூன்று வருடம் ஆகிறது, பைனான்ஸ் பெயர் இன்னும் அதில் உட்கார்ந்திருக்கிறது. 'அடமானம்' என்று போட்டுவிடலாமா?

உதகையிலிருந்து:
வேண்டாம் அம்மா. அடகு, அடமானம் என்றாலே பொருள் கைமாறிவிட்டது என்றுதான் காதில் விழும். இங்கே வண்டி நம் வாசலில்தானே நிற்கிறது? 'ஈடு' என்க. இடு என்பது முதல் நீண்டு ஈடு ஆயிற்று. படு பாடு, சுடு சூடு போல. அடகுக்குப் பழந்தமிழில் கீரை என்றும் பொருள். கீரை எப்படிப் பணயம் ஆயிற்று என்று நாற்பது வருடமாக யோசிக்கிறேன்.

கூடலூரிலிருந்து:
வீட்டை அடமானம் வைத்தவர் தெருவிலா படுக்கிறார் ஐயா?

குன்னூரிலிருந்து:
வழக்கறிஞர் என்ற முறையில் ஒன்று. சிலர் 'பற்றுரிமை' என்று எழுதுகிறார்கள். அது லியனுக்குரிய சொல். ஜீப்புக்கு இன்ஜின் வேலை பார்த்த மெக்கானிக், கூலி வரும்வரை வண்டியைத் தர மாட்டேன் என்கிறார் அல்லவா, அதுதான் லியன். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு தரும் உரிமை. வண்டி பட்டறையில் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். ஹைபாதிகேஷனில் வண்டி கடன் வாங்கியவர் கையிலேயே ஓடும். ஆகவே 'கைவிடா ஈடு' என்கிறேன்.

உதகையிலிருந்து:
பற்று ஒழிந்ததில் மகிழ்ச்சி. அதை விடுவதற்குப் பற்றற்றான் ஒருவனைத் தேட வேண்டும். பைனான்ஸ் கம்பெனியில் கிடைக்க மாட்டான். ஆனால் கைவிடா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். கைவிடாதவர் யார் என்று தெரியவில்லையே?

கூடலூரிலிருந்து:
கடன் கொடுத்தவர் நம்மைக் கைவிட மாட்டார் என்று படித்துக்கொள்வார்கள்! நான் பழைய வண்டி வாங்கி விற்பவன். ஹைபாதிகேஷனை நாங்கள் ஹெச்.பி. என்போம். எங்களிடம் ஒரே கேள்விதான்: "ஹெச்.பி. கேன்சல் ஆயிடுச்சா?" டியூ முடிந்தால் பெயர் தானாகப் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. ஹெச்.பி. முடிந்தது என்று கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட 35ஆம் படிவமும், ஆட்சேபணை இல்லை என்ற சான்றும் (என்.ஓ.சி.) கண்ணில் படாமல் அட்வான்ஸ் கொடுக்காதே என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். எனக்கு நடந்தது: கடன் கொடுத்த நிறுவனம் ஆபீஸையே காலி பண்ணிவிட்டது. ஒரு கையெழுத்துக்காக மூன்று தடவை கோவைக்கு மலை இறங்கினேன்.

குன்னூரிலிருந்து:
அதற்குக் காரணம் 1988 மோட்டார் வாகனச் சட்டம், 51ஆம் பிரிவு. ஆர்.சி.யில் ஹெச்.பி. இருக்கும்வரை, கடன் கொடுத்தவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் வண்டி அடுத்தவர் பெயருக்கு மாறாது.

கோத்தகிரியிலிருந்து:
சரி, இரண்டு பேர் ஈட்டுக்குக் கை தூக்கியிருக்கிறார்கள். முதல் வரியில் 'ஹெச்.பி. எனப்படும் கடன் ஈடு', அப்புறம் வெறும் ஈடு. கேன்சலுக்கு 'ஈடு நீக்கம்'.

உதகையிலிருந்து:
'ஈட்டு நீக்கம்'. ஆட்டுப்பாலை ஆடுபால் என்போமா? அதுவும் ஈட்டை நீக்குவதில்லை, மீட்பது.

கோத்தகிரியிலிருந்து:
ஐயா, புரூஃப் வந்துவிட்டது. நீங்கள் சொன்னபடிதான் 'ஈட்டு நீக்கம்' என்று கொடுத்தேன். அச்சகத்துத் தம்பி அதை 'வீட்டு நீக்கம்' என்று திருத்தி வைத்திருக்கிறார். 'ஹெச்.பி. கேன்சல்' என்றே மாற்றச் சொல்லிவிட்டேன்.