பொண்ணு பதினொன்றாவது: பிளஸ் டூ மார்க்குக்கு இன்னும் மதிப்பு இருக்குதுங்களா?

பள்ளிபாளையம் தறிக்காரர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்கள் விசைத்தறி ஓட்டுகிறோம். வீட்டில் இதுவரைக்கும் யாரும் காலேஜ் வாசல் மிதித்ததில்லை. மூத்த பொண்ணு தனியார் பள்ளியில் பதினொன்றாவது, கணக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பத்தாவதில் 500-க்கு 471.

போன வாரம் பள்ளியில் கூப்பிட்டு, ஜே.இ.இ. நுழைவுத்தேர்வுக்குக் கோச்சிங்கும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், அதற்குத் தனி ஃபீஸ் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றதும், "இப்பெல்லாம் பிளஸ் டூ மார்க்கை யார் பார்க்கிறாங்க?" என்று கேட்டுவிட்டார் அங்கே இருந்தவர். வீட்டுக்கு வந்தால் அமெரிக்காவில் இருக்கும் மச்சினன் மகன் போனில், "மாமா, இங்கே மார்க்கெல்லாம் பெரிசில்லை, ஆளைத்தான் பார்ப்பாங்க. அம்மணியை வயலின், கராத்தேன்னு எதிலாவது சேர்த்துவிடுங்க" என்கிறான். எங்கப்பாவோ, நூத்துக்கு நூறு வாங்கினா எந்தக் காலேஜ்காரன் வேண்டாம்பான் என்று ஒரே பிடி.

இதில் யார் சொல்வதைக் கேட்பது? கோயமுத்தூரில் பி.எஸ்.ஜி., இல்லையென்றால் ஜி.சி.டி. இன்ஜினியரிங் காலேஜ் கிடைத்தாலே எனக்குப் போதும். பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ்மேல் ஆசை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோபி கம்ப்யூட்டர் சென்டர் எழுதியது:

அண்ணா, கோபியில் சென்டர் வைத்திருக்கிறேன். மே மாசம் பிறந்துவிட்டால் ஜெராக்ஸ் மெசினை ஓரங்கட்டிவிட்டு முழுக்க இன்ஜினியரிங் சீட்டுக்கான கவுன்சலிங் சோலிதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மூன்று பேர் சொன்னதும் சரிதான். ஆளுக்கொரு வாசலைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

பள்ளிக்காரர் சொன்னது ஐ.ஐ.டி., என்.ஐ.டி. வாசல். அங்கே பிளஸ் டூ மார்க் உள்ளே விடுகிற அனுமதிச் சீட்டு மட்டும்தான். 75 சதவீதம் வேண்டும், அல்லது அந்த போர்டில் தேறினவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் வர வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் 76-ம் 98-ம் ஒன்றுதான், சீட்டைத் தீர்மானிப்பது ஜே.இ.இ. ரேங்க். எம்.பி.பி.எஸ்.ஸும் 2017-லிருந்து அப்படித்தான், எல்லாம் நீட் மார்க்.

ஆனால் நீங்கள் ஆசைப்படுகிற பி.எஸ்.ஜி., ஜி.சி.டி. வாசலில் கதையே வேறு. நம் மாநில நுழைவுத்தேர்வை 2007-லேயே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100 என்று மொத்தம் 300-க்குக் கட்ஆஃப், அதாவது ரேங்க் போடுவதற்கான மார்க், போட்டார்கள். இப்போது பிளஸ் டூ மட்டும்தான், 200-க்கு. கணக்கு மார்க் அப்படியே சேரும். இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி. அம்மணி கணக்கில் 96, இயற்பியலில் 91, வேதியியலில் 94 வாங்கினால் 96, 45.5, 47 ஆக 188.5. தமிழ், இங்கிலீஷ், கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க்கெல்லாம் இதில் வராது. இந்த 188.5 மோசமில்லை. ஆனால் பி.எஸ்.ஜி.யில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் 190-க்கும் மேலே, நல்ல மேலே போக வேண்டும்.

அரை மார்க்கில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ரேங்க் பட்டியலில் ஒரே கட்ஆஃபில் கூட்டமாக நிற்பார்கள். அப்போது முதலில் கணக்கு மார்க், அடுத்து இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய், ஒன்றிலும் பிரியவில்லையென்றால் பிறந்த தேதியில் வந்து நிற்கும். வயதில் மூத்த பிள்ளைக்கு முன் ரேங்க். அதுவும் ஒன்றாக இருந்தால் கம்ப்யூட்டர் கொடுத்த ரேண்டம் நம்பர். "இது தெரிஞ்சிருந்தா ஒரு வாரம் முந்திப் பெத்திருப்பேனே" என்று ஒரு அம்மா எங்கள் சென்டரில் சொல்ல, வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

அதனால் ரிசல்ட் வந்ததும் எதிர்பார்த்ததைவிட ஏதாவது ஒரு பாடம் இறங்கியிருந்தால் விடைத்தாள் நகல் வாங்கிப் பாருங்கள். அதை வாங்கின பிறகுதான் மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ போட முடியும். நம்பியூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் இயற்பியல் தாளை என் மானிட்டரில்தான் திறந்தான். உள்ளே ஒரு மூன்று மார்க் கேள்விக்குச் சிவப்பு மையில் 3 என்று பளிச்சென்று இருக்கிறது, முன்பக்கக் கட்டத்தில் அந்த 3 ஏறவே இல்லை. கூட்டிச் சேர்த்ததும் கட்ஆஃப் 1.5 ஏறியது. அதில்தான் அவனுக்கு எலக்ட்ரிக்கல் கிடைத்தது.

இன்னொன்று, மார்க்கை ஒழுங்காக வாங்கிவிட்டு, எந்தெந்தக் காலேஜ் வேண்டும் என்று வரிசையாகக் கொடுக்கிற சாய்ஸ் லிஸ்ட்டில் கோட்டைவிடுகிறவர்கள் ஏராளம். கம்ப்யூட்டர் உங்கள் லிஸ்ட்டை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, உங்கள் ரேங்குக்கு எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடும். அந்தியூரிலிருந்து வந்த மஞ்சள் வியாபாரி ஒருவர், "இது கட்டாயம் கிடைக்கும்" என்று வீட்டுக்குப் பக்கத்துக் காலேஜை முதலில் போடச் சொல்லி அடம். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் சொன்னபடி கட்டாயம் கிடைத்தது! லிஸ்ட்டில் மூன்றாவதாக இருந்த நல்ல காலேஜ் அந்தப் பொண்ணின் ரேங்குக்கும் பின்னால்தான் மூடியது. ஆசைப்படுகிற வரிசையில் போடுங்கள், கிடைக்கிற வரிசையில் போடாதீர்கள்.

மூன்றாம் வருசம் இ.சி.இ. எழுதியது:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஒரு விசயம் மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். கோச்சிங்கை ஒரேயடியாக வேண்டாம் என்று ஒதுக்காதீர்கள். ஜே.இ.இ.யில் பதினொன்றாவது பாடம் நிறைய வரும். நாமக்கல் பக்கம் முன்பு பல பள்ளிகளில் பதினொன்றாவதை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு வருசமும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைத்தது ஊருக்கே தெரியும். அப்படி 1200-க்கு 1150 வாங்கி வந்த எங்கள் சித்தப்பா பையன் முதல் செமஸ்டர் கணக்கில் தொகையீடு தெரியாமல் அரியர் வைத்தான். அதைத் தடுக்கத்தான் 2018-ல் பதினொன்றாவதுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள், 2025-26-லிருந்து அதையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே பள்ளியில் பதினொன்றாவதை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

நான் கோச்சிங், போர்டு இரண்டும் சேர்த்துப் படித்தவன். காலை ஆறரைக்குப் போனால் ராத்திரி எட்டு மணி. ஜே.இ.இ.யும் வரவில்லை, வேதியியலில் போர்டு மார்க்கும் சரிந்தது. எங்கள் செட்டிலேயே இரண்டிலும் ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். பாப்பாவையே கேளுங்கள்.

காலேஜுக்குள் வந்த பிறகு கட்ஆஃப் என்ன என்று யாரும் கேட்பதில்லை. கேம்பஸுக்கு வருகிற கம்பெனிகள் பல பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் இருக்கிறதா என்று பார்க்கும், அதோடு சரி.

பொள்ளாச்சி டு பாஸ்டன் எழுதியது:

அண்ணா, உங்கள் மச்சினன் மகன் சொன்னது பாதிதான். நான் இங்கே வந்து பத்து வருசம் ஆகப்போகிறது. இங்கே மார்க் பெரிசில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மார்க் மட்டும் போதாது, அதுதான் விசயம்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்கிற நூறு பேரில் ஏறக்குறைய நாலு பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. விண்ணப்பிக்கிறவர்களில் ஏகப்பட்ட பேர் வகுப்பில் முதல் வரிசைப் பிள்ளைகள், அதனால் மார்க்கை வைத்து அவர்களைப் பிரிக்க முடிவதில்லை. கட்டுரை, ஆசிரியர் கடிதம், அந்தப் பிள்ளை எந்தச் சூழ்நிலையில் படித்தது என்பதெல்லாம் அதற்கப்புறம்தான் பேசும். ஒன்பதாவதிலிருந்து எல்லா வருச மார்க்கும் கேட்பார்கள். கொரோனா சமயத்தில், இங்கே காலேஜில் சேர எழுதுகிற எஸ்.ஏ.டி. தேர்வு கட்டாயமில்லை என்று பல இடங்களில் தளர்த்தினார்கள். ஆனால் இங்கே இருக்கிற எம்.ஐ.டி. 2022-லேயே திரும்பக் கொண்டுவந்துவிட்டது, ஹார்வர்ட், பிரவுன், டார்ட்மத் 2024-ல் அறிவித்தன. எம்.ஐ.டி. சொன்ன காரணம், வசதியில்லாத பள்ளியிலிருந்து வருகிற பிள்ளைக்குத் திறமை இருக்கிறது என்று காட்ட அந்தக் கணக்கு மார்க் உதவுகிறது என்பதுதான். கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களோ எஸ்.ஏ.டி. மார்க்கைப் பார்ப்பதே இல்லை.

வயலினும் கராத்தேயும் பிடித்தால் படிக்கட்டும், சீட்டுக்காக வேண்டாம். அப்புறம் பணம். வெளிநாட்டுப் பிள்ளையின் வசதியைப் பார்க்காமலே சேர்த்து, தேவையான உதவியும் தருகிற இடங்கள் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. மாதிரி கொஞ்சம்தான். மற்ற இடங்களில் நீங்கள் எவ்வளவு கட்டுவீர்கள் என்பதும் ஒரு மார்க். மாஸ்டர்ஸுக்கு வருவதாக இருந்தால் வழியே வேறு, அதை டிகிரி முடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளிபாளையம் தறிக்காரர் எழுதியது:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பொண்ணிடம் படித்துக் காட்டினேன். கோச்சிங் வேண்டாம், அந்த நேரத்துக்குக் கணக்கு டியூசன் மட்டும் போதும் என்கிறாள். பள்ளியில் சொல்லிவிட்டேன், அவர்களுக்கு முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது.

குடும்பத்தில் முதல்முதலாக டிகிரி படிக்கிற பிள்ளைக்கு முதல் பட்டதாரி சலுகை என்று ஒன்று இருக்கிறதாமே, அமெரிக்காவில் இருக்கும் மச்சினன் மகன் பட்டதாரி என்பதால் அது எங்களுக்குக் கிடைக்காமல் போகுமா?

கோபி கம்ப்யூட்டர் சென்டர் எழுதியது:

போகாதுங்கண்ணா. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள், இவ்வளவு பேரைத்தான் பார்ப்பார்கள். ஒறம்பரை, அதாவது மற்ற சொந்தக்காரர்கள், கணக்கில் வராது. ஆனால் கவுன்சலிங் சீட்டுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை, மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் கிடையாது. இ-சேவையில் போட்டு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாலுகா ஆபீஸ் என்று சுற்றி வர நாள் பிடிக்கும், ரிசல்ட் வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சாதிச் சான்றிதழிலும் பத்தாவது மார்க்சீட்டிலும் பாப்பாவின் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்பவே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.