அப்பாவின் அளவுக் குவளை

மதுரைக்காரி:
அப்பாவுக்குக் கிட்னி கெட்டு வயிற்று டயாலிசிஸ்: கழிவை எடுக்க வயிற்றுக்குள் திரவம் விட்டு வெளியேற்றுவது, நாளைக்கு நாலு பை. ஒன்றரை வருடமாகியும் கிட்னியில் மிச்சமிருந்த சக்தியால் தினமும் 700 மில்லி சிறுநீர் வந்துகொண்டிருந்தது. முட்டி வலி என்று தெருமுனை கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி, ஐந்து நாள் மாத்திரை. டயாலிசிஸ் விஷயத்தைச் சொல்லாமல் விட்டது நான்தான். அந்த வாரக் கடைசியில், சாயங்காலம் ஆறு மணி இருக்கும், பாத்ரூமிலிருந்து வந்து குவளையை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "காலையிலேர்ந்து இவ்வளவுதாம்மா." 150 கோட்டைக்கூடத் தொடவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கோடுதான்.

தேனித்தம்பி:
எங்கள் அம்மாவும் அதே டயாலிசிஸ்தான், 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அளக்கும் அன்று கல்யாணத்துக்குப் போக வேண்டியதாகிவிட்டது. கேனைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பந்தியில் காலடியிலேயே பை. பக்கத்து இலைக்காரர், "மொய்ப் பணமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரிசல்ட் 400 மில்லி.

நாலாம்பை:
இதற்கு ஏன் இத்தனை கவலை? என் மாமா சொட்டு இல்லாமல் நாலு வருடமாக இருக்கிறார். வராவிட்டால் பையைக் கூட்டினால் போச்சு.

பழைய நோயாளி:
நாலாம்பை சார், அது அப்படியில்லை. வயிற்று டயாலிசிஸ்காரர்களை வைத்துக் கனடாவும் அமெரிக்காவும் செய்த கனுசா ஆய்வை 2001இல் மறுபடி அலசினார்கள். தினசரி சிறுநீர் 250 மில்லி கூடுதலாக உள்ளவர்களுக்கு இறப்பு அபாயம் 36 சதவீதம் குறைவு. பை வழியாகக் கழிவு எவ்வளவு போனது என்பதற்கு அப்படிப் பலன் தெரியவில்லை. மறு வருடம் மெக்சிகோவில் 965 பேரை வைத்துப் பார்த்தார்கள். பையைக் கூட்டியவர்கள் அதனால் அதிக நாள் வாழவில்லை. உங்கள் மாமா நன்றாக இருக்கட்டும், ஆனால் ஒருவரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தம்பி, காலை முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டுத்தானே ஆரம்பித்தீர்கள்? மறுநாள் காலை முதலாவதைச் சேர்க்க வேண்டும். அப்புறம், வலி மாத்திரை மட்டுமில்லை. ஜென்டாமைசின், அமிகாசின் மாதிரி கிருமிக்கொல்லி ஊசி, சாயம் ஏற்றும் ஸ்கேன், வாந்தி பேதியில் உடம்பு வற்றுவது எல்லாமே கிட்னியில் மிச்சமிருக்கும் சக்தியைத் தின்னும். ராமிப்ரில் மாதிரி ரத்த அழுத்த மாத்திரை அதைக் காக்க உதவுமா என்று டாக்டரைக் கேளுங்கள், பொட்டாசியம் பார்த்துத்தான் தருவார். லாசிக்ஸ் என்ற நீர் மாத்திரை சிறுநீர் அளவைக் கூட்டும், கிட்னியைக் காக்காது. ஊசி என்றாலே முதலில் டயாலிசிஸ் என்று...

மதுரைக்காரி:
சரி சார், அதைத்தான் நான் சொல்லாமல் விட்டேன். இப்போது அப்பா தினமும் நாள்காட்டித் தாளைக் கிழிக்குமுன் அளவை எழுதி வைக்கிறார். நேற்று 210. கிழித்த தாள்களைத் தலையணைக்கடியில் சேர்க்கிறார்.