மிஷின் அறுத்த நெல்லில் புதிர் எடுக்கலாமா?

கோரையாற்றுக்காரன்:
மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஒன்பது மா நிலம். சம்பாவுக்கு சி.ஆர். 1009 என்ற குட்டை நெல் ரகம்தான். போன தையில் பெல்ட் அறுவடை மிஷின்காரர் ராத்திரி ஒன்பது மணிக்கு வயலில் இறக்கிவிட்டார். விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. காலையில் அம்மா புதிருக்கு, அதாவது புது நெல்லைச் சாமிக்குப் படைக்க, கதிர் கேட்டபோது வயலில் அடித்தாள்தான் நின்றது. மிஷின் திரும்ப முடியாத மூலையில் நாலு குத்து தப்பியிருந்தது. வீட்டில் கருக்கரிவாளே இல்லை. காய்கறிக் கத்தியால் அறுத்து வந்து நிலைப்படியில் கட்டினேன். ஒரே வாரத்தில் நெல்லெல்லாம் கொட்டி வெறும் தாளாகத் தொங்கியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது. மிஷின் நெல்லைப் படைத்தால் என்ன? இல்லை என்றால் கதிர் கொட்டாமல் எப்படிக் கட்டுவது?

வெண்ணாறு பெரியவர்:
தம்பி, மிஷினுக்கு ரெண்டு நாள் முன்பே சனி மூலையில், அதாவது வயலின் வடகிழக்கு மூலையில், அறுத்துவிடுங்கள். கதிர் முழுக்கப் பழுக்கக் கூடாது, அடி நெல்லில் கொஞ்சம் பச்சை இருக்க வேண்டும். பனி ஈரம் காய்வதற்குள் அறுத்தால் உதிராது. சணல் வேண்டாம், வைக்கோல் பிரியால் கட்டுங்கள். குட்டை ரகத்தில் தாள் பின்னுவதற்கு நீளம் போதாது. அடுத்த சம்பாவில் அந்த மூலையில் மட்டும் உயரமாக வளரும் பழைய ரகமான மாப்பிள்ளைச் சம்பா பத்துக் குத்து நட்டுப் பாருங்கள், வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். காற்றடித்தால் சாயும், சாயட்டுமே.

கப்பல்காரன்:
ஜாவா, பாலி பக்கம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அங்கே நெல் தெய்வத்துக்கு தேவி ஸ்ரீ என்று பெயர், நம்ம ஸ்ரீதேவிதான். அவள் பயந்துவிடுவாள் என்று, உள்ளங்கைக்குள் மறைகிற 'அனி அனி' என்ற சின்னக் கத்தியால் பெண்கள் ஒவ்வொரு கதிராக அறுப்பார்கள். குட்டை ரகங்கள் வந்தபின் அங்கும் அரிவாள் வந்து, அனி அனி ஒதுங்கிவிட்டது. ஜப்பானில் நவம்பர் 23-ஆம் தேதி பேரரசரே புது அரிசியைத் தெய்வத்துக்குப் படைத்துவிட்டுத் தானும் உண்பார். அதுவும் புதிர்தானே? இதில் வேடிக்கை, நம்ம ஆடுதுறை 27 ஜப்பான் ரகத்தோடு கலந்து எடுத்த நெல். குட்டை நெல்லை மட்டும் குறை சொல்லாதீர்கள், பல வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்.

மூட்டைக்கணக்கு:
கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். தெய்வமும் அப்படியேதான் என்று நினைத்துப் படையுங்கள்.

கோரையாற்றுக்காரன்:
மூட்டைக்கணக்கு, இதை அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அனி அனி கதையைச் சொன்னேன். "கைக்குள்ள மறைச்சிட்டா மட்டும் நெல்லுக்குத் தெரியாதாக்கும்" என்றார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, சனி மூலைக்கு மாப்பிள்ளைச் சம்பா விதை யாரிடம் கிடைக்கும் என்று கேட்டார்கள். ஒரு படி இருந்தால் போதும். பெரியவரே, உங்களிடம் இருக்குமா?