மாருதி 800-ன் மேல் லம்போர்கினி கட்டலாமா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை)

எல்லாருக்கும் வணக்கம். பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு வருஷமாக மெக்கானிக் வேலை செய்கிறேன். மாமா வீட்டுத் தொழுவத்தில் 2003 மாடல் மாருதி 800 ஒன்று நிற்கிறது. பேப்பர் எல்லாம் முடிந்துவிட்டது. எஞ்சின் ஓடுகிறது. டிரைவர் காலடியில் தகடு துருப்பிடித்துக் கீழே மண் தெரிகிறது. "எடுத்துக்கோ" என்று மாமா சொல்லிவிட்டார்.

அதன்மேல் லம்போர்கினி ஹுராகான் கட்ட வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. அப்போது படம் வரைந்த நோட்டு இன்னும் இருக்கிறது. 800-ன் தரையை வைத்துக்கொண்டு மேலே கம்பிக்கூடு, அதன்மேல் பைபர் பாடி என்று திட்டம். கையில் இரண்டரை லட்சம் இருக்கிறது. தரை தாங்குமா? பைபர் நாமே போடலாமா? முடித்தபின் கோயம்புத்தூர் வரை ஓட்டிப் போக முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (பொள்ளாச்சி, லேத் பட்டறை)

தம்பி, ஒரு டேப் எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போங்கள். 800-ன் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் 2175 மில்லி. ஹுராகானுக்கு 2620. அகலம் 800-க்கு 1440, ஹுராகானுக்கு 1924. நீளத்தில் ஒரு முழம் குறைகிறது, அகலத்தில் ஒரு முழத்துக்கும் மேல் குறைகிறது. உயரம் மட்டும் 800-க்குக் கூடுதல்: இது 1405, அது 1165. ஆக, நீட்ட வேண்டும், அகட்ட வேண்டும், கூரையை அறுக்க வேண்டும்.

800-க்குத் தனியாக சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் அதற்கு சேஸிஸ். கூரையை எடுத்தால் மிச்சமிருப்பது ஒரு தட்டு. அந்தத் தட்டிலும் உங்களுக்கு ஓட்டை. சக்கரத்தை வெளியே தள்ள ஸ்பேசர் போட்டால் அந்த நெம்பு முழுக்க ஹப் பேரிங்கில் விழும். இத்தனையும் செய்தபின் இழுக்கப்போவது 796 சிசி எஞ்சின், நாற்பது குதிரைத்திறன்கூட வராது. அசல் ஹுராகானில் 5.2 லிட்டர், பத்து சிலிண்டர், 610 குதிரைத்திறன். வெளித்தோற்றம் வந்துவிடும். கார் வராது.

உங்கள் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இரண்டரை லட்சத்தில் நிஜமாகவே பாயக்கூடிய கார் ஒன்று உண்டு. லோட்டஸ் செவன், கூரையில்லாத இரண்டு சீட் குட்டிக் கார். 1957-ல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் கொண்டுவந்தது. 1973-ல் உரிமை கேட்டர்ஹாமுக்குப் போனது, இன்றும் அந்த வடிவம் விற்கிறது. அதையே பழைய கார் பாகங்களை வைத்து வீட்டில் கட்டுவதற்கு அங்கே "லோகாஸ்ட்" என்று பெயர். 25 மில்லி சதுரக் குழாய், 1.6 மில்லி கனம். நம் ஊரில் கேட் செய்பவர்கள் வாங்குகிற அதே சரக்கு. பாடியில் பெரும்பகுதி தட்டையான அலுமினியத் தகடு. மூக்கும் மட்கார்டும் மட்டும்தான் பைபர்.

குழாய் எப்படித் தாங்கும் என்று கேட்பீர்கள். ஒரு செருப்புப் பெட்டியை மூடியில்லாமல் இரண்டு முனையிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், துணி மாதிரி வளையும். மூடியை நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டிவிட்டு முறுக்குங்கள். அசையாது. நாலு குழாயைச் சதுரமாக ஒட்டினால் அது சாயும். குறுக்கே மூலைக்கு மூலை ஒரு குழாய் போட்டால் நிற்கும். அந்தக் குறுக்குக் குழாய் எங்கெங்கே வர வேண்டும் என்பதுதான் இந்தக் காரின் முழு ரகசியம். குழாய் கனத்தைக் கூட்டுவது வேண்டாத எடை.

நான் 14 மாசம் எடுத்துக்கொண்டேன். அதில் இரண்டு மாசம் வீணானது. எங்கள் தோப்பில் கொப்பரை காயப்போடும் களம் இருக்கிறது, சிமெண்ட் தரை, பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். அதன்மேல் வைத்தே ஃபிரேமை ஒட்டினேன். மேலிருந்து மூலைவிட்டம் இரண்டையும் அளந்தேன், ஒரு மில்லி வித்தியாசம். மனசு நிறைந்துபோனது. சக்கரம் மாட்டி இறக்கியபோது மூன்றுதான் தரையில் இருந்தது. களத்துக்கு மழைத்தண்ணீர் வடிய ஒரு மூலையை மட்டும் தாழ்த்தி வாட்டம் கொடுத்துத்தான் போடுவார்கள். அந்த வாட்டம் அப்படியே ஃபிரேமில் ஏறிவிட்டது. மேலிருந்து அளந்தால் முறுக்கு தெரியாது. பிறகு கொத்தனாரிடம் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வாங்கி, நாலு கால் மேஜை ஒன்றை மட்டம் பார்த்து நிறுத்தி, எல்லாவற்றையும் அறுத்து மறுபடி ஒட்டினேன். நீங்கள் மேஜையிலிருந்து ஆரம்பியுங்கள்.

எஞ்சினுக்கு மாருதியின் பழைய எஸ்டீம் கார் 1.3 பாருங்கள், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) என்றால் 85 குதிரைத்திறன். கார் 550 கிலோவுக்குள் நின்றால் அது ஏராளம். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள ரேஸ் டிராக்கான கரி ஸ்பீட்வேயில் ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 ரேஸ் வண்டிகளில் இருப்பதும் எஸ்டீம் எஞ்சின்தான், அதனால் கோவையில் அதன் கைப்பக்குவம் தெரிந்தவர்கள் உண்டு. எஸ்டீமில் எஞ்சின் குறுக்கே உட்கார்ந்து முன் சக்கரத்தை ஓட்டும். நமக்கு நெடுக்கே வேண்டும், பின் சக்கரம் ஓட வேண்டும். மாருதியின் ஜீப் வண்டியான ஜிப்ஸியில் இருப்பதும் இதே குடும்பத்து எஞ்சின் என்பதால் அதன் கியர்பாக்ஸ் பொருந்தும். நாலு சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பிரிக்கிற டிரான்ஸ்பர் கேஸ் தனியாக இருக்கும், அதைக் கழற்றிப் போட்டுவிடலாம். சம்ப்பும் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) எஞ்சினைத் தாங்கும் மவுண்டும் மாற்ற வேண்டி வரும். பின் அச்சுக்கு ஓம்னி எடையில் குறைவு, ஆனால் அது 796 சிசிக்குச் செய்தது. ஜிப்ஸி அச்சு பலமானது, ஷாஃப்ட் வந்து சேரும் கியர் கூண்டு மட்டும் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருக்கும். அதற்கேற்ப ஷாஃப்ட் போகும் வழியை முதலிலேயே வரைந்துகொள்ளுங்கள். கோவை உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் எல்லாம் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் பில் வாங்குங்கள்.

உங்கள் 800-ம் வீணாகாது. ஸ்டியரிங் ரேக் (ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்பும் பல் தண்டு), பெடல், வைப்பர் மோட்டார், பெட்ரோல் டேங்க் எல்லாம் அதிலிருந்து எடுங்கள்.

பதில் (கஞ்சிக்கோடு, பைபர் வேலை)

அண்ணன் சொன்னதோடு பைபர் பக்கம் நான் சேர்க்கிறேன். முழு பாடி என்றால் முதலில் உருவம் செய்து, அதிலிருந்து அச்சு எடுத்து, அச்சிலிருந்து பாடி எடுக்க வேண்டும். ஒரே காரை மூன்று தடவை செய்கிற வேலை. மூக்கு மட்டும் என்றால் நீங்களே தாராளமாகச் செய்யலாம். 450 கிராம் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) இரண்டு அடுக்கு போதும், போல்ட் வரும் இடத்தில் மூன்றாக்குங்கள்.

நாரின்மேல் பூசும் ரெசினுக்கு, அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு. பங்குனி, சித்திரை வெயிலில் ஒன்றே அதிகம், டப்பாவிலேயே கட்டியாகிப் புகையும். நாங்கள் காலை ஏழு மணிக்குள் அடித்து முடித்துவிடுவோம்.

இதைத் தயவுசெய்து மனசில் வையுங்கள். கேட்டலிஸ்டையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். ஆக்சிலரேட்டர் கலந்தே வரும் ரெசினாக வாங்குங்கள். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

பதில் (கோயம்புத்தூர்)

ரோட்டில் ஓட்டுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. முடியாது, தம்பி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, அதுவும் கேரளத்திலிருந்து போன வழக்குதான். புது வண்டி என்று பதிவு செய்யப் போனால் புனேயில் உள்ள வண்டிச் சோதனை நிறுவனமான ஏஆர்ஏஐ மாதிரி இடத்தில் மாதிரி வண்டியைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். வீட்டில் ஒரு வண்டி கட்டுபவரால் ஆகிற செலவில்லை. 800-ன் ஆர்சியை முறைப்படி ரத்து செய்துவிடுங்கள், அந்த நம்பரை இதில் மாட்டவே மாட்டாதீர்கள்.

வழி இருக்கிறது. கரி ஸ்பீட்வே உங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. 2.1 கிலோமீட்டர் டிராக். டாடா 407 லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம். கட்டும் முன்பே அவர்களிடம் பேசி ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் கம்பி), பெல்ட், தீயணைப்பான் என்னென்ன கேட்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். செக்போஸ்டில் காட்ட அந்த உதிரிபாக பில்கள் உதவும்.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு நாள் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. செருப்புப் பெட்டியை முறுக்கிப் பார்த்தேன், மூடி ஒட்டியும் பார்த்தேன். செவனே கட்டுகிறேன்.

துண்டுக் குழாயில் சிஓடூ வெல்டிங் (ஒட்டும் இடத்தைக் கேஸ் மூடிக் காக்கும் வகை) பழகுகிறேன். ஒர்க்‌ஷாப்பில் நன்றாக வருகிறது. தொழுவத்தில் ஒட்டினால் மட்டும் பொடிப்பொடியாக ஓட்டை விழுகிறது. அதே மெஷின், அதே கம்பி. அப்புறம் 800-ன் ரேக்கைக் கழற்றிவிட்டேன். நடுவில் லேசாக ஆடுகிறது, இரண்டு ஓரத்திலும் டைட்டாக இருக்கிறது. முறுக்கிச் சரி செய்யலாமா?

பதில் (பொள்ளாச்சி, லேத் பட்டறை)

காற்று, தம்பி. உங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர். ஆடிக் காற்று துப்பாக்கி முனையிலிருந்து வரும் கேஸை அடித்துக்கொண்டு போய்விடும், உருகிய இரும்பு வெறும் காற்றைக் குடித்துக் கொப்பளிக்கும். மேற்குப் பக்கம் தார்ப்பாய் கட்டி, தரை வரை இறக்கிக் கல் வையுங்கள். ஒட்டிய துண்டை வைஸில் பிடித்துச் சம்மட்டியால் மடக்குங்கள். குழாய் கிழிந்து ஒட்டு நிற்க வேண்டும். பத்துக்குப் பத்து அப்படி வந்தபிறகு ஃபிரேமைத் தொடுங்கள். சஸ்பென்ஷன் பிராக்கெட்டை மட்டும் நீங்கள் புள்ளி வெல்டிங் மட்டும் வைத்துக் கொண்டுவாருங்கள், என் பட்டறையில் ஒட்டித் தருகிறேன். கூலி வேண்டாம்.

ரேக்கை முறுக்காதீர்கள். நேராக ஓடி ஓடி நடுப்பல்தான் தேய்ந்திருக்கும். நடுவுக்கு ஏற்ப டைட் செய்தால் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும், வளைவில் திரும்பிய ஸ்டியரிங் திரும்பி வராது. உக்கடம் போகும்போது வேறு ரேக் பாருங்கள். அங்கேயே ரேக்கின் ரப்பர் உறையை விலக்கி நடுப்பல்லை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.