நந்தியாவட்டையில் கண் முழிக்கிற புழு

பாளையங்கோட்டை:
அரளிப் பூச்சிங்கிற அந்துப்பூச்சியோட புழுதான், தெரியாதவங்க யாரு. வாசல் நந்தியாவட்டையில கிளை லேசா ஆடுச்சு, அவ்வளவுதான். தலையை உள்ள இழுத்து, கழுத்துப் பக்கம் உப்பி, தோல் மடிப்புக்குள்ள இருந்து ரெண்டு நீலக் கண் திறந்துச்சு. நடுவுல வெள்ளை, சுத்திக் கறுப்பு வளையம். அது வெறும் புள்ளி, நிஜக் கண்ணு குண்டூசி முனை அளவுக்குத் தலையில இருக்கு. தெரிஞ்சும் கை தன்னால பின்னுக்கு வந்துருது. பின்னாடி இருக்கிற கொம்பு கொட்டுமா?

அம்பாசமுத்திரம்:
கொட்டாது. குட்டிப் புழுவுல கொம்பு கறுப்பா நீளமா இருக்கும், வளர்ந்ததும் மஞ்சளாக் குட்டையாயிரும். மரத்தடியில மிளகு மாதிரி எச்சம் கிடந்தா நேர் மேல பாருங்க, புழு அங்கதான். பச்சைப் புழு திடீர்னு முதுகு கறுத்து முற்றத்துல ஓடுனா சீக்குன்னு தூக்கிப் போடாதீங்க. கூட்டுப்புழுவாக இடம் தேடுது. டப்பாவுல மண் நிரப்பிப் புதைச்சிருங்க.

வள்ளியூர்:
புதைக்கச் சொன்னது தப்பு அண்ணாச்சி. மண்ணைக் குடைஞ்சு உள்ள போறது எள்ளுச் செடிப் புழு, முதுகுல மண்டையோடு போட்ட அந்துப்பூச்சியோடது. நந்தியாவட்டைப் புழு தரைமேல சருகைச் சேர்த்து நூலால தளர்வாப் பின்னிக்கும். அதனால டப்பா அடியில செய்தித்தாள், மேல காய்ஞ்ச சருகு, மூடியா கொசுவலைத் துணி போதும். பிளாஸ்டிக் மூடியை இறுக்குனா உள்ள வேர்த்து எச்சத்துல பூஞ்சை பிடிச்சுப் புழு அழுகும். எச்சத்தைத் தினம் கொட்டணும். எந்த இலையில எடுத்தீங்களோ அதையே குடுங்க. உயிரினங்களுக்கு அறிவியல் பேர் வச்ச லின்னேயஸ் 1758-ல அரளிப் பேரைத்தான் இதுக்கு வச்சாரு, ஆனா நம்ம ஊர் வீடுகள்ல நந்தியாவட்டையிலயும் நல்லாவே தின்னுது. அரளி இலைன்னா பறிச்சதும் கையைக் கழுவுங்க, அந்தப் பால் விஷம். ஆட்டைக் கொல்ற இலையைத் தின்னுதான் இது கொழுக்குது! கூட்டுலேர்ந்து பூச்சிக்குப் பதிலா ஈ வந்தா, வெளிய இருந்தப்பவே ஈ முட்டை வச்சிருச்சுன்னு அர்த்தம்.

சங்கரன்கோவில்:
ஒண்ணு விட்டுப்போச்சு. டப்பாவுக்குள்ள சொரசொரப்பான குச்சி ஒண்ணைச் சாய்ச்சு வைங்க. இங்க வழவழ டப்பாவுல கூட்டுலேர்ந்து வெளிவந்த பூச்சி ஏறி ஏறி வழுக்கி விழுந்துச்சு. தொங்க இடம் இருந்தாத்தான் ரத்தம் இறங்கி இறக்கை விரியும். பச்சை, ரோஸ், வெள்ளைன்னு பளிங்குக்கல் கோலம் அத்தனையும் கசங்குன துணியாட்டம் சுருண்டபடியே காய்ஞ்சுருச்சு. அதுக்கப்புறம் நிமித்த முடியல.