பழவழித் தமனியா, எஞ்சிய தமனியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் தரும் பின்பெருமூளைத் தமனி (பிசிஏ) சிலருக்குக் கருவில் இருந்த அமைப்பிலேயே தொடர்கிறது; இதை ஆங்கிலத்தில் ஃபீட்டல் பிசிஏ என்கிறார்கள். இதற்குத் தமிழ்ச் சொல்லாக நம் கலைச்சொல் உரையாடலில் ஐயா முன்வைத்த 'கருத்தமனி' சுருக்கமான சொல்தான். ஆனாலும் எனக்கு இரண்டு தயக்கங்கள்.

முதலாவது, காதில் விழும் விதம். ஸ்கேன் அறிக்கைகளை நோயாளிகளுக்குத் தமிழில் விளக்குவது என் அன்றாட வேலை. அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். "ரத்தக்குழாய் கறுத்துப் போச்சாங்க?" என்று பதறிவிட்டார். 'கரு' என்றதும் அவர் நினைத்தது கருமையைத்தான்.

இரண்டாவது தயக்கம் பெரியது. கருவில் இருந்து தொடர்வது எல்லாம் ஒரே வகை அல்ல. கரு 4, 5 மில்லிமீட்டர் நீளம் இருக்கும் நான்காவது வாரவாக்கில், பின்மூளைக்கு ரத்தம், கழுத்தின் முன்பக்கம் ஏறும் கரோட்டிட் தமனியிலிருந்தே போகிறது. கழுத்தெலும்புகளின் வழியே பின்னால் ஏறும் முதுகெலும்புத் தமனிகள் அப்போது உருவாகியிருப்பதில்லை. அதனால் முன்னிருந்து பின்னுக்குச் சில தற்காலிகப் பாலங்கள் தோன்றுகின்றன. முகத்துக்குப் போகும் முக்கிளை நரம்பை ஒட்டி ஓடுவது அவற்றில் ஒன்று. கரோட்டிட்டையும் பின்பக்கத் தமனிகளையும் நிரந்தரமாக இணைக்கும் 'பின் இணைப்புத் தமனி' வளர்ந்ததும் இந்தப் பாலங்கள் மறைந்துவிடுகின்றன; இருப்பதே ஒரு வாரம், பத்து நாள்தான். கருக்களின் நுண்வெட்டுகளை அடுக்கிப் பார்த்து டார்கஸ் பாட்ஜெட் 1948இல் வெளியிட்ட படங்களில் இந்த வரிசை படிப்படியாகத் தெரியும். மறைய வேண்டிய முக்கிளைப் பாலம் சிலரிடம் மறைவதில்லை. ஆயிரத்தில் 1 முதல் 6 பேர் வரை என்று கணக்கு. இதற்கு 'எஞ்சிய முக்கிளைத் தமனி' என்பது சரியாகப் பொருந்தும். போயிருக்க வேண்டியது தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

பின்பெருமூளைத் தமனியின் கதை வேறு. அது எல்லோருக்கும் இருக்கிற தமனி. எஞ்சிய பொருள் அல்ல. கருவில் அதற்குக் கரோட்டிட்டிலிருந்து பின் இணைப்புத் தமனி வழியாக ரத்தம் வருகிறது. பிறகு, முதுகெலும்புத் தமனிகளின் ரத்தத்தை ஏற்கும் அடித்தமனி பெருத்து அந்த வேலையை எடுத்துக்கொள்ள, பழைய வழி மெலிகிறது. சிலருக்கு இந்தக் கைமாற்றம் நடப்பதில்லை. ஆஞ்சியோ படத்தில் பார்த்தால், கரோட்டிட்டிலிருந்து பின்னால் போகும் குழாய் பென்சில் கோடு போலத் தடித்திருக்கும். அடித்தமனியிலிருந்து வர வேண்டியது நூல் போல இருக்கும், சில சமயம் கண்ணுக்கே தெரியாது. வயல் அதேதான், வாய்க்காலும் அதேதான், தண்ணீர் மட்டும் இன்னும் பழைய மதகிலிருந்து வருகிறது. அதனால் 'பழவழிப் பின்பெருமூளைத் தமனி' என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. பழமொழி, பழவினை என்று நாம் பழகிய அமைப்புதான்.

இந்த வேறுபாடு வெறும் சொல் நயத்துக்காக அல்ல. பழவழி உள்ளவருக்குக் கழுத்துக் கரோட்டிட்டில் உருவாகும் ரத்தக்கட்டி நேரே மூளையின் பார்வைப் பகுதிக்குப் போய்ச் சேரலாம். மூளையின் பின்பகுதியில் பக்கவாதம் என்றால் முதுகெலும்புத் தமனியை மட்டும் தேடும் மருத்துவ மாணவருக்கு, 'வழி' என்ற சொல்லே கழுத்தையும் பார் என்று நினைவூட்டும். 'கரு' அதைச் செய்யாது.

'பிறழ்வு' என்ற சொல்லையும் இங்கே தவிர்த்துவிடுவோம். மூளையின் அடியில் தமனிகள் இணைந்து அமையும் வளையம் வில்லிஸ் வட்டம்; பாடநூலில் உள்ளதுபோல் முழு வட்டம் பல ஆய்வுகளில் பாதிப் பேரிடம்கூட இல்லை. பாதிப் பேரைப் பிறழ்ந்தவர்கள் என்பது எந்த வகை நியாயம்? 'மாறுபாடு' போதும்.

அப்புறம், 'நாளம்' வேண்டாம். தமிழ்நாட்டில் நாம் அதை எந்த ரத்தக்குழாய்க்கும் சொல்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் நாடி என்றால் தமனி, நாளம் என்றால் சிரை. அங்கே படித்த மருத்துவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

எனக்கு இன்னும் தமிழ்ச் சொல் பிடிபடாதது ஃபெனஸ்ட்ரேஷன் என்பதற்கு. கருவில் இணையாக ஓடும் இரண்டு குழாய்கள் சேர்ந்துதான் ஒரே அடித்தமனி ஆகிறது. ஓரிடத்தில் சேராமல் விட்டால், குழாய் பிரிந்து மீண்டும் கூடும்; அதுதான் ஃபெனஸ்ட்ரேஷன். 'சாளரம்' என்பது நேர் பெயர்ப்பு. ஆனால் இதில் எட்டிப் பார்க்க ஒன்றுமில்லை. ஆறு பிரிந்து கூடும் இடத்தில் நடுவே கிடக்கும் நிலத்துக்கு 'ஆற்றிடைக்குறை' என்று அழகான பழஞ்சொல் உண்டு. ஆனால் 'குறை' என்றதும் நோயாளி தனக்கு ஊனம் என்று நினைப்பார். கொள்ளிடக் கரையில் 'திட்டு' என்கிறார்கள். தோல் மருத்துவர்கள் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'பிரிந்துகூடல்' என்று வைத்துப் பார்க்கிறேன், வாயில் இன்னும் ஒட்டவில்லை. ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் யாராவது இதற்கு வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள்.